எக்சோஸ் மாற்றிய பின் காரில் புதுச் சத்தமா? காது கொடுத்துக் கேளுங்கள்

கையில் கொஞ்சம் பணம் சேர்ந்து, காருக்கு ஏதாவது செய்து பார்க்கலாம் என்ற ஆசை எழும்போது, நம் இளைஞர்களில் பலர் முதலில் கைவைப்பது எக்சோஸ் எனப்படும் புகைபோக்கியில்தான். பழைய மஃப்ளரைக் கழற்றிவிட்டுச் சற்றுப் பெரிய வாய் கொண்ட புதியதைப் பொருத்துவார்கள். பட்டறையிலிருந்து வெளியே வரும்போது காரின் குரலே மாறியிருக்கும். உரிமையாளருக்கும் மகிழ்ச்சி. ஆனால், இரண்டு மூன்று நாள் கழித்து, அவர் விலை கொடுத்து வாங்காத வேறொரு சத்தமும் சேர்ந்து கேட்கத் தொடங்கும். காலையில் வண்டியை எடுத்ததும் 'டிக் டிக்' என்ற ஓசை. சாலை மேட்டில் ஏறி இறங்கும்போது அடியில் 'டொக்' என்ற இடி. நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது காதை அடைக்கும் ரீங்காரம்.

"ரேடியோவைக் கொஞ்சம் கூட்டி வை, கேட்காது" என்று நண்பர்கள் யோசனை சொல்வார்கள். வேறு சிலரோ என்ஜினே போய்விட்டது என்று பயந்து, தேவையில்லாத பாகங்களை எல்லாம் மாற்றிப் பணத்தை இழப்பார்கள். இரண்டுமே சரியல்ல. புதிதாகக் கேட்கும் சத்தம் என்பது கார் தன் உரிமையாளருக்குச் சொல்லும் செய்தி. அதில் சில வெறும் தொல்லை. சில செலவு வைப்பவை. ஒன்று மட்டும் உயிருக்கே உலை வைப்பது. எது எந்த வகை என்று பிரித்தறிவதுதான் இங்கே முக்கியம்.

குழாய்க்குள் என்ன நடக்கிறது?

என்ஜினில் எரிந்த வாயு முதலில் மேனிஃபோல்ட் எனும் கிளைக்குழாய்களில் இறங்குகிறது. பிறகு நச்சுப்புகையைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் வழியாகச் சென்று, ரெசனேட்டர், மஃப்ளர் இரண்டையும் கடந்து வெளியேறுகிறது. இவற்றை இணைக்கும் மூட்டுகளில் வாயு கசியாதிருக்கக் கேஸ்கெட் வைத்து முடுக்கியிருப்பார்கள். முழுக் குழாயும் காரின் அடித்தளத்தில் ரப்பர் வளையங்களில் தொங்கிக்கொண்டிருக்கிறது. என்ஜின் ஆடும்போது குழாயும் ஆட வேண்டும் என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு.

குழாய் சூடேறும்போது நீளவும் செய்யும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வகைகளில் பரவலாகப் பயன்படும் 304 ரகத்தில் 2 மீட்டர் நீளக் குழாய் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் வெப்பம் 300 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால், அது ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் நீண்டுவிடும். பட்டறையில் வண்டி ஆறியிருந்தபோது எதிலும் உரசாமல் இருந்த குழாய், ஒரு மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு அடித்தளத்தையோ பின் அச்சையோ தட்டுவது இதனால்தான். "நான் பார்த்தபோது சத்தமே இல்லையே" என்று மெக்கானிக் சொல்வதும் உண்மை. "எனக்கு நன்றாகக் கேட்கிறதே" என்று வாடிக்கையாளர் சொல்வதும் உண்மை. ஒருவர் பார்த்தது ஆறிய குழாயை, மற்றவர் கேட்டது சூடேறிய குழாயை.

எப்போது கேட்கிறது?

எங்கே சத்தம் என்று தேடுவதற்கு முன், எப்போது சத்தம் என்று கவனிப்பது பாதி வேலையை முடித்துவிடும்.

காலையில் என்ஜின் குளிர்ந்திருக்கும்போது 'டிக் டிக்' என்று கேட்டு, சூடேறியதும் மறைந்துவிட்டால், மேனிஃபோல்ட் அல்லது அதை அடுத்துள்ள மூட்டில் கசிவு இருக்கலாம். உலோகம் விரிந்ததும் இடைவெளி அடைபட்டு ஓசை நின்றுவிடுகிறது. பின்பக்க மஃப்ளரை மட்டும் மாற்றினாலும் முன்பக்க மூட்டு கெடலாம். பழைய துருப்பிடித்த நட்டுகளைக் கழற்றக் குழாயைத் திருகியிருந்தாலோ, புதிய மஃப்ளர் பழையதைவிட எடை கூடியிருந்தாலோ, அந்த இழுப்பு முன்பக்கம் வரை போகும்.

வண்டி நின்றபடி என்ஜின் ஓடும்போது தகரம் அதிர்வதுபோல் 'கிர்ர்' என்று கேட்டு, ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தால் மறைந்தால், வெப்பத் தடுப்புத் தகட்டின் போல்ட் தளர்ந்திருக்கக்கூடும். இது பெரும்பாலும் சிறு செலவில் தீரும். மேடு பள்ளத்தில் மட்டும் இடித்தால், ரப்பர் வளையம் தளர்ந்திருக்கலாம், அல்லது குழாய்க்கும் அடித்தளத்துக்கும் இடையே இடைவெளி போதாமல் இருக்கலாம். கியரை டி-யிலிருந்து ஆர்-க்கு மாற்றும்போது மட்டும் இடித்தால், என்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங்கையும் பார்க்க வேண்டும். அது தேய்ந்திருந்தால் என்ஜின் அதிகமாகச் சாய்ந்து குழாயையும் இழுத்துச் செல்லும்.

ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் பட்டாசு போல் 'பட் பட்' என்று வெடித்தால், சிலர் அதைப் பெருமையாக நினைப்பதுண்டு. கசியும் மூட்டு வழியாக வெளிக்காற்று உள்ளே புகுந்து, எரியாத பெட்ரோல் குழாய்க்குள் பற்றிக்கொள்வதும் அதற்கு ஒரு காரணம். கசிவு ஆக்சிஜன் சென்சாருக்கு முன்பாக இருந்தால் செலவும் கூடும். உள்ளே புகும் காற்றைக் கண்டு சென்சார் ஏமாந்து, பெட்ரோல் போதவில்லை என்று கணினிக்குச் சொல்லும். கணினியும் அதை நம்பிப் பெட்ரோலைக் கூட்டும்.

குழாயை ரப்பர் சுத்தியலால் தட்டும்போது கன்வெர்ட்டருக்குள் கூழாங்கல் உருள்வதுபோல் கேட்டால், உள்ளிருக்கும் பீங்கான் பாகம் உடைந்திருக்கும். அந்தத் துண்டுகள் புகையின் வழியை அடைத்து என்ஜினின் இழுவையைக் கெடுக்கும். ஆகவே தள்ளிப்போடக் கூடாது.

ரீங்காரம் பழுதல்ல, பொருத்தமின்மை

எல்லாம் சரியாக முடுக்கப்பட்டிருந்தும், ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் காருக்குள் காது அடைப்பது போன்ற ரீங்காரம் கேட்பதுண்டு. இதற்குக் கணக்கு இருக்கிறது. நான்கு சிலிண்டர் என்ஜின் ஒரு சுற்றுக்கு 2 முறை வெடிக்கிறது. நிமிடத்துக்கு 2,400 சுற்று என்றால் வினாடிக்கு 40 சுற்று, 80 வெடிப்பு. அதாவது 80 ஹெர்ட்ஸ் அளவிலான தாழ்ந்த ஓசை. காரின் உள்ளறை அதே அளவில் அதிரக்கூடியதாக இருந்தால், ஓசை பல மடங்கு பெருகிக் கேட்கும். தொழிற்சாலையில் பொருத்திய மஃப்ளரும் ரெசனேட்டரும் அந்தக் காரின் ஓசைக்கென்றே வடிவமைக்கப்பட்டவை. அவற்றை எடுத்துவிட்டால் அடங்கியிருந்த ஓசை வெளியே வந்துவிடும்.

நண்பரின் காரில் அருமையாக ஒலிக்கும் மஃப்ளர் இன்னொரு காரில் தலைவலியாகிவிடுவதும் இதனால்தான். மைவியில் இருப்பது நான்கு சிலிண்டர், அக்சியாவில் மூன்று. அதே 2,400 சுற்றில் அக்சியாவின் ஓசை 80 அல்ல, 60 ஹெர்ட்ஸ். கழற்றிய ரெசனேட்டரைத் திரும்பப் பொருத்துவது, அல்லது அந்த ஓசை அளவுக்கேற்ப ஒரு முனை மூடிய கிளைக்குழாயைப் பக்கவாட்டில் சேர்ப்பது இதற்குத் தீர்வாகும். இன்னும் விலை உயர்ந்த மஃப்ளரை வாங்குவது தீர்வாகாது.

எங்கே கேட்கிறது?

சோதனையை ஆறிய காரில்தான் தொடங்க வேண்டும். ஓடி நின்ற காரின் புகைக்குழாய் தோலைச் சுட்டுவிடும். ஜேக்கை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போகவே கூடாது. தாங்கு கால்கள் வைத்தாக வேண்டும், அல்லது பட்டறையின் லிஃப்ட்டில் ஏற்றிப் பார்க்கலாம்.

முதலில் கையுறை அணிந்து குழாயின் பின்முனையைப் பிடித்து எல்லாப் பக்கமும் ஆட்டிப் பார்க்க வேண்டும். எங்கே இடிக்கிறதோ அங்கே பெரும்பாலும் பளபளப்பான உரசல் தடம் இருக்கும். அடுத்து, மூட்டுகளைச் சுற்றிக் கரும்புகை படிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கரி படிந்த மூட்டு கசியும் மூட்டு. இன்னொரு சோதனையும் உண்டு. திறந்த வெளியில், கியரை பி-யில் வைத்து, ஹேண்ட்பிரேக்கையும் இழுத்து, குளிர்ந்த என்ஜினை ஓடவிட்டு, கையுறை அணிந்த ஒருவர் குழாயின் வாயைத் தடித்த துணியால் சில வினாடிகள் மட்டும் அடைக்கலாம். குழாய் முழுமையாக இருந்தால் என்ஜின் திணறும். கசிவு இருந்தால் வேறோர் இடத்திலிருந்து 'உஸ்' என்ற சீற்றம் கேட்கும்.

சத்தம் எக்சோஸிலிருந்தே வருகிறது என்றும் முடிவு கட்டிவிட முடியாது. நின்ற இடத்திலேயே என்ஜின் வேகத்தைக் கூட்டும்போது கேட்டால் என்ஜின் அல்லது எக்சோஸ் பக்கம் தேடலாம். வண்டி உருளும்போது மட்டும் கேட்டு, வேகத்தோடு கூடினால் டயரையும் சக்கர பேரிங்கையும் பார்க்க வேண்டும். புதிய எக்சோஸின் இரைச்சல் இத்தகைய சத்தங்களை மறைத்துவிடும் என்பதும் கவனிக்கத்தக்கது. பேரிங் முனகுவதைக் காது கேட்காமல் போனால் பழுது முற்றிய பிறகுதான் தெரியவரும்.

உயிருக்கு உலை வைக்கும் கசிவு

என்ஜின் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. நம் இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்புடன் ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, தலைசுற்றல், குமட்டல், பிறகு மயக்கம். தூக்கத்தில் இருப்பவருக்கு இந்த எச்சரிக்கைகூடத் தெரியாது. என்ஜினை ஓடவிட்டுக் காருக்குள் உறங்கியவர்கள் விழிக்காமலே போன செய்திகள் நம் நாட்டு ஏடுகளில் வந்திருக்கின்றன.

இங்கேதான் அந்தக் காலை நேர 'டிக் டிக்' முக்கியத்துவம் பெறுகிறது. சூடேறியதும் நின்றுவிடுகிறதே என்று பலர் அதை விட்டுவிடுகிறார்கள். ஆனால் என்ஜின் குளிர்ந்திருக்கும்போதுதான் பெட்ரோல் கலவை அதிகமாகவும், கன்வெர்ட்டர் வேலை தொடங்காமலும் இருக்கிறது. அதாவது புகையில் நச்சு மிகுந்திருக்கும் அதே நேரத்தில்தான் கசிவும் திறந்திருக்கிறது. வீட்டோடு ஒட்டிய போர்ச்சில், சன்னல் திறந்திருக்க, பள்ளிக்குக் கிளம்பும் பிள்ளைகள் பின் இருக்கையில் அமர்ந்திருக்க, இது நடக்கிறது.

இன்னொரு தவறும் பரவலாக உள்ளது. புதிய குழாயின் வாய் பம்பருக்கு வெளியே நீளாமல் காரின் அடியிலேயே முடிந்துவிட்டால், புகை அங்கேயே தேங்கி, அடித்தளத்துத் துளைகள் வழியாக உள்ளே ஏறும். ஏர்கோனை உட்காற்று சுழலும்படி வைத்தாலும் அது தடுப்பாகாது. சத்தத்துக்காகக் கன்வெர்ட்டரையே வெட்டி எடுத்துவிடுபவர்களின் காரிலோ, அந்த நச்சுவாயுவைக் கரியமில வாயுவாக மாற்றும் பாகமே இல்லை. புதிய சத்தத்தோடு காருக்குள் புகை வாடையோ, பயணிகளுக்குத் தலைவலியோ சேர்ந்தால், சன்னல்களைத் திறந்து, பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, என்ஜினை அணைத்து, எல்லாரும் வெளியே வந்துவிட வேண்டும். மயங்கியவரை உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். காரணம் தெரியும்வரை அந்தக் காரில் யாரும் பயணம் செய்யக் கூடாது.

சட்டமும் கேட்டுக்கொண்டிருக்கிறது

மலேசியாவில் வாகன ஓசைக்கென்றே 1987-ஆம் ஆண்டு விதிமுறைகள் உண்டு. அவை 1974-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ் வந்தவை. ஜேபிஜே எனும் சாலைப் போக்குவரத்துத் துறையின் சாலைச் சோதனைகளிலும் மாற்றியமைத்த எக்சோஸ் பிடிபடுவதுண்டு. ஆகவே கழற்றிய பழைய மஃப்ளரை இரும்புக் கடைக்குப் போட்டுவிடாமல் பத்திரப்படுத்துவது நல்லது. சந்தேகச் சத்தம் எக்சோஸ் மாற்றத்தால் வந்ததா இல்லையா என்று அறியவும் அது உதவும். பழையதைத் திரும்ப மாட்டிப் பார்த்தும் சத்தம் நிற்கவில்லை என்றால், காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும்.

பட்டறைக்குப் போகும்முன் ஒரு துண்டுத் தாளில் நான்கு விவரங்களைக் குறித்துக்கொள்ளலாம். சத்தம் எந்த நாளில் தொடங்கியது, என்ஜின் குளிர்ந்திருக்கும்போதா சூடேறிய பிறகா, நிற்கும்போதா ஓடும்போதா, காருக்குள் புகை வாடை உண்டா இல்லையா. "அண்ணே, என்னமோ சத்தம் வருது, பாருங்க" என்று சாவியைக் கொடுப்பவரின் காரில் மெக்கானிக் ஊகித்துத்தான் வேலை செய்ய முடியும். இந்த நான்கு விவரத்தையும் கொடுத்தால், கடைசியாகக் கைவைத்த மூட்டிலிருந்து வரிசையாகத் தேடிப் பழுதைப் பிடித்துவிடலாம். காருக்குப் புதுக் குரல் வேண்டும் என்று ஆசைப்படுவது தவறில்லை. அந்தக் குரலுக்கு அடியில் வேறொரு குரல் கேட்டால், பிள்ளைகளை ஏற்றும் முன் அதற்குக் காரணம் கண்டுவிட வேண்டும்.