சோளத்தின் வேர்க்கசிவும் சுடுமல்லியும்

சோளப் பயிரைக் கெடுக்கும் களைகளுள் சுடுமல்லி மிகவும் கொடியதாகும். சுமார் ஒரு சாண் உயரம் வளர்ந்து, நம் நாட்டில் பெரும்பாலும் வெண்ணிறப் பூப் பூக்கும் இச்சிறு செடி, பயிரின் வேரைத் துளைத்து அதனின்றும் நீரையும் ஊட்டத்தையும் உறிஞ்சி வாழ்வது. இது மண்ணுக்கு மேல் தலைகாட்டுவதற்கு முன்னரே சேதத்தின் பெரும்பகுதி நிகழ்ந்துவிடுகிறது. நிலத்தில் ஈரமிருந்தும் சோளம் வாடி நிற்பதைக் கண்டு குடியானவர்கள் காரணம் அறியாது திகைப்பது இதனாலேயாம். கம்பு, கேழ்வரகு, மக்காச்சோளம், கரும்பு ஆகிய பயிர்களையும் இக்களை பற்றும்.

விதையின் இயல்பு

ஒரு செடி பல்லாயிரம் விதைகளை உதிர்க்கும். அவை தூசியைப் போல் நுண்ணியவை. மண்ணில் பத்தாண்டுகளுக்கு மேலும் உயிர் கெடாமல் கிடக்க வல்லவை. ஈரமும் வெப்பமும் மட்டும் கிடைப்பதனால் அவை முளைப்பதில்லை. ஏற்ற பயிரின் வேர் அருகில் வந்து, அவ்வேரிலிருந்து கசியும் ஒருவகை இரசாயனப் பொருள் தம்மீது பட்ட பின்னரே முளைக்கும். முளைத்த சில நாட்களில் வேரை எட்டாவிடில் மடிந்துபோகும். 1966-ம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானிகள் இத்தகைய பொருளொன்றைப் பருத்தியின் வேர்க்கசிவிலிருந்து பிரித்தெடுத்தனர். அதற்கு ஸ்ட்ரிகால் என்று பெயர். இதனை ஒத்த பொருள்கள் பின்னர் வேறு பல பயிர்களிலும் காணப்பட்டன. இவ்வினம் முழுவதும் ஸ்ட்ரிகோலாக்டோன் எனப்படும்.

பயிர் இதைக் கசியவிடுவது ஏன்?

தன்னை அழிக்கும் களையைத் தானே அழைக்கும் பொருளைப் பயிர் உண்டாக்குவானேன் என்பது நெடுநாள் விளங்காதிருந்தது. 2005-ம் ஆண்டில் ஜப்பான் தேசத்தில் அகியாமா, மட்சுசாகி, ஹயாஷி என்பவர்கள் இதற்கு விடை கண்டனர். வேர் உட்பூசணம் என்னும் நுண்ணுயிர் பெரும்பாலான பயிர்களின் வேர்களுக்குள் புகுந்து வாழ்கிறது. வேர் எட்டாத இடங்களிலும் தன் நூலிழைகளைப் பரப்பி, மணிச்சத்தைத் திரட்டிப் பயிருக்குக் கொடுத்து, அதற்கு ஈடாகப் பயிரிடமிருந்து உணவு பெறுகிறது. மண்ணிலுள்ள இப்பூசணத்தின் இழைகளைக் கிளைக்கச் செய்து வேரின்பால் வரச்செய்வது ஸ்ட்ரிகோலாக்டோனே என்பது அவர்கள் கண்ட உண்மை. நண்பனுக்கு விடுக்கும் அழைப்பைப் பகைவனும் கேட்டு வந்துவிடுகிறான்.

இவ்வழைப்பு எல்லா நிலத்திலும் ஒரே அளவினதன்று. மணிச்சத்தோ தழைச்சத்தோ குறைந்த நிலையில் சோளத்தின் வேர் ஸ்ட்ரிகோலாக்டோனை மிகுதியாகக் கசியவிடுகிறது என்பது 2007-ம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சியால் தெரியவந்தது. மெலிந்த நிலத்தில் சுடுமல்லி மலிவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

கசிவை அளக்கும் முறை

வேர் வெளிவிடும் ஸ்ட்ரிகோலாக்டோனின் அளவு மிகவும் சொற்பம். ஒரு கிராமை நூறு கோடி பங்கு செய்து அதில் ஒரு பங்கையும் பின்னப்படுத்திக் கணக்கிட வேண்டிய அளவினது. அதனுடன் நூற்றுக்கணக்கான வேறு பொருள்களும் கலந்திருக்கும். ஓர் உயிர் உண்டாக்கும் சிறு மூலக்கூறுகள் பலவற்றையும் ஒருங்கே அளந்து ஒப்பிடும் விஞ்ஞானத்திற்கு மெடபாலோமிக்ஸ் என்று பெயர். இதில் வேர்க்கசிவைக் குரோமட்டோகிராபி என்னும் முறையால் பொருள்வாரியாகப் பிரித்து, ஒவ்வொன்றின் மூலக்கூற்று எடையையும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்னும் கருவியால் அறிகின்றனர். களை பற்றும் ரகத்தின் கசிவையும், பற்றாத ரகத்தின் கசிவையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது, எப்பொருளில் வேற்றுமை உளதென்பது புலனாகும்.

இதன் பயன் சோளத்திலேயே வெளிப்பட்டுள்ளது. சுடுமல்லியைத் தாங்கும் சோள ரகங்களை உருவாக்கியமைக்காக 2009-ம் ஆண்டின் உலக உணவுப் பரிசைப் பெற்றவர் எத்தியோப்பியாவில் பிறந்த கெபிசா எஜெட்டா என்னும் விஞ்ஞானி. அவருடைய குழுவினர் 2017-ம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, களைக்கு இரையாகும் சோளம் 5-டியாக்ஸிஸ்ட்ரிகால் என்ற பொருளை மிகுதியாக வெளிவிடுகிறது. எதிர்த்து நிற்கும் சோளமோ ஓரோபாங்கால் என்ற இனப்பொருளை வெளிவிடுகிறது. பின்னதால் சுடுமல்லி விதை முளைப்பது அரிது. பூசணத்தின் இழைகளைக் கிளைக்கச் செய்யும் ஆற்றலோ ஓரோபாங்காலுக்கும் உண்டு. நண்பனை இழக்காமல் பகைவனை விலக்கக்கூடும் என்பதற்கு இது சான்றாகும்.

நிலத்தில் செய்யத்தக்கவை

1. மண்ணைப் பரிசோதித்து, தொழு உரத்துடன் குறைவான சத்துக்களையும் தக்க அளவில் இடவேண்டும். பயிர் ஊட்டம் பெறுவதோடு, களையை எழுப்பும் கசிவும் குறையும்.

2. சுடுமல்லி கண்ட நிலத்தில் மேற்கூறிய பயிர்களையே மாற்றி மாற்றிச் சாகுபடி செய்தல் கூடாது. இடையிடையே பருத்தி பயிரிடுவது நலம். பருத்தி வேரின் கசிவால் சுடுமல்லி விதை முளைக்கும். ஆனால் பருத்தியைப் பற்றி வாழ இயலாமல் மடியும். ஒரே பருவத்தில் விதை முழுதும் ஒழியுமென எதிர்பார்த்தலாகாது.

3. களையைப் பூக்கும் முன்னரே பிடுங்கிவிட வேண்டும். விதை முற்றிய செடிகளை எருக்குழியில் இடாமலும், மாடுகளுக்குப் போடாமலும் எரித்துவிடுவது அவசியம். மாட்டின் வயிற்றிலும் இவ்விதை உயிரிழப்பதில்லை.

4. களை கண்ட நிலத்தில் உழுத கலப்பையை மண் போகக் கழுவிய பின்னரே அடுத்த நிலத்தில் இறக்கவேண்டும்.

ஒருவர் நிலத்தில் உதிர்ந்த விதை காற்றாலும் மழை நீராலும் அயலார் நிலத்தை அடையும். ஆகையால், கிராம அலுவலர்கள் களை கண்ட நிலங்களைக் குறித்துக்கொண்டு, அவற்றின் உடையவர்கள் அனைவரும் ஒரே பருவத்தில், பூக்கும் முன்னர், களையெடுக்குமாறு ஏற்பாடு செய்வது பெரிதும் பயன் தரும்.