பரீக்ஷையா, வைத்தியமா?

செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் சாயங்கால வேளையில் உலாவச் செல்வது நமது வெகு நாளைய வழக்கம். ஒரு பக்கம் பட்டணத்துக்குக் குடிநீர் தரும் ஏரி. மறு பக்கம் ஸ்ரீபெரும்பூதூருக்கும் ஒரகடத்துக்கும் தொழிலாளரை ஏற்றிச் செல்லும் வண்டிகளின் வரிசை. சென்ற மாதம் அவ்விதம் உலாவிக் கொண்டிருந்தபோது, நம்மிடம் வாசித்த மாணவன் ஒருவன் எதிரே வந்து வணங்கி நின்றான். ஒரகடத்தில் ஒரு மோட்டார்த் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவன். கையில் எட்டுப் பக்கக் காகிதக் கற்றை.

"ஸார், அம்மாவுக்கு நீரிழிவு. காலிலே வந்த புண் மூன்று மாதமாய் ஆறவில்லை. ஒரு சர்வகலாசாலை ஆஸ்பத்திரியில், ஏதோ ஆராய்ச்சியில் சேர்த்துக் கொள்கிறோம் என்கிறார்கள். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ரேகை வைக்கும்போது வெளி மனிதர் ஒருவர் சாட்சி இருக்க வேண்டுமாம். நீங்கள் வர வேண்டும்" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "அம்மாவை எலியாக்கப் பார்க்கிறார்களோ என்று பயமாயிருக்கிறது, ஸார்" என்றான்.

இந்தப் பயம் அவன் ஒருவனுக்கு மட்டும் உரியதன்று. ஆகையால் அவனுக்குச் சொன்னதை நேயர்களுக்கும் சொல்ல விரும்புகிறோம்.

இரண்டு பாத்திகள்

ஒரு குடியானவர் புதிய உரம் ஒன்றை வாங்கி வயல் முழுவதும் போடுகிறார். அவ்வருஷம் விளைச்சல் அதிகம். உரத்தின் குணமா, நல்ல மழையின் குணமா? யாரால் சொல்ல முடியும்? அவரே வயலை இரண்டாக வகுத்து, ஒரே மண், ஒரே தண்ணீர், ஒரே விதை என்று வைத்து, ஒரு பாதிக்கு மட்டும் உரமிட்டிருந்தால் சந்தேகத்துக்கு இடமேது? மருந்துப் பரிசோதனையின் சூக்ஷ்மம் இவ்வளவுதான்.

ஆனால் மனிதர்கள் பாத்திகள் அல்லரே! பலசாலிகளையெல்லாம் புது மருந்துப் பக்கத்திலும், நோஞ்சான்களை மறு பக்கத்திலும் சேர்த்துவிட்டால் கணக்குப் பொய்யாகிவிடும். அதனால் யார் எந்தப் பக்கம் என்பதை வைத்தியரும் தீர்மானிப்பதில்லை, நோயாளியும் தீர்மானிப்பதில்லை, திருவுளச்சீட்டுத் தீர்மானிக்கிறது. பத்தாம் நூற்றாண்டிலேயே உத்திரமேரூரார் குடத்தில் ஓலையிட்டு, சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்து, சபைக்கு ஆள் தேர்ந்தார்கள். பாரபட்சத்துக்கு இடம் கொடாமைதான் இரண்டிலும் நோக்கம்.

இங்கிலாந்தில் 1948-ல் வெளியான ஸ்ட்ரெப்டோமைஸின் பரிசோதனை இம்முறைக்கு வழி காட்டியது. க்ஷயரோகிகள் 107 பேர். சீட்டு முறைப்படி 55 பேருக்கு மருந்தும் படுக்கை ஓய்வும். 52 பேருக்கு ஓய்வு மட்டும். ஆறு மாதத்தில் முதல் பிரிவில் இறந்தவர் 4 பேர். இரண்டாம் பிரிவில் 14 பேர். அதன்பின் விவாதத்துக்கு இடமில்லாது போயிற்று.

சென்னை உலகுக்குச் சொன்ன செய்தி

சீமைக் கதை இருக்கட்டும். நமது சென்னையிலேயே உலக வைத்தியத்தைத் திருப்பிய பரிசோதனை ஒன்று நடந்திருக்கிறது. க்ஷயரோகம் என்றால் சானடோரியம், நல்ல காற்று, பால், முட்டை, மாதக் கணக்கில் படுக்கை என்று உலகமே நம்பியிருந்த காலம் அது. படுக்கைகளோ சொற்பம்; நோயாளிகளோ ஏராளம். இடம் கிடையாதவர்கள் கதி என்ன?

1956-ல் இந்திய வைத்திய ஆராய்ச்சிக் கவுன்ஸில், சென்னை சர்க்கார், உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் வைத்திய ஆராய்ச்சிக் கவுன்ஸில் ஆகியவை கூடி, சேத்துப்பட்டில் ஒரு நிலையம் அமைத்தன. டாக்டர் வாலஸ் பாக்ஸ் அதன் முதல் தலைவர். நோயாளிகளில் ஒரு பாதியினர் சானடோரியத்துக்குச் சென்றனர். மறு பாதியினர் தங்கள் நெருக்கடியான வீடுகளிலேயே இருந்தனர். இருவருக்கும் ஒரே மாத்திரைகள், ஒரு வருஷ காலம். யார் எங்கே என்பது சீட்டின்படி.

1959-ல் முடிவு வெளியாயிற்று. சானடோரியத்தில் நோய் அடங்கியவர் நூற்றுக்கு 92. வீட்டில் நூற்றுக்கு 86. குறைந்த ஆகாரம், குறைந்த ஓய்வு, ஜன நெருக்கம் எல்லாம் இருந்தும் வீட்டாருக்கு ஏறக்குறைய அதே பலன்! வீட்டில் வைத்து வைத்தியம் செய்ததால் குடும்பத்தாருக்கு நோய் அதிகம் பரவவுமில்லை. சானடோரியத்தின் அவசியம் உலகெங்கும் குறையத் தொடங்கியது. ஏழைக்கும் வைத்தியம் எட்டும் என்ற உண்மையை நிரூபித்தவர்கள், பெயர் தெரியாத சென்னை நோயாளிகள். அந்த நிலையந்தான் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிலையம்.

நமது சுற்று வட்டாரத்துக்கும் இதில் பங்கு உண்டு. ஸ்ரீபெரும்பூதூரும் செம்பரம்பாக்கமும் அடங்கியிருந்த பழைய செங்கற்பட்டு ஜில்லாவில், 1968 முதல் இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்டவர்களிடம் பி.ஸி.ஜி. ஊசி பரிசோதிக்கப்பட்டது. பதினைந்து வருஷம் கவனித்ததில், வயது வந்தோரின் நுரையீரல் க்ஷயத்தை அது தடுக்கவில்லை என்று தெரிந்தது. குழந்தைகளுக்கு வரும் மூளைக் காசம் போன்ற கொடிய வகைகளைத் தடுப்பதனால் இன்றும் பிறந்தவுடன் போடுகிறார்கள். எது பயன்படாது என்று தெரிவதும் லாபந்தானே?

சர்வகலாசாலைக்கு என்ன வேலை?

லாபம் தரும் புது மருந்துக்குக் கம்பெனிகள் பணம் போடும். பழைய, மலிவான மருந்துக்குப் போடுவார் யார்? அங்கேதான் சர்வகலாசாலைகள் வேண்டியிருக்கின்றன. 2020-ல் கொரோனாக் கொள்ளைநோய் பரவியபோது, ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலை பெரிய பரிசோதனை ஒன்றை நடத்தியது. பல வருஷமாய் மருந்துக் கடைகளில் மலிவாய்க் கிடைத்த டெக்ஸாமெதஸோன், செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களின் மரணத்தை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. அதே பரிசோதனையில், பலரும் நம்பியிருந்த ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் பயனற்றது என்றும் தெரிந்தது.

கையெழுத்துக்கு முன்

இவ்வளவு நன்மை இருப்பினும், கேளாமல் ரேகை வைப்பது தகாது. 2009-ல் அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் கம்மம் ஜில்லாவில் சிறுமிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போடும் திட்டம் ஒன்று நடந்தது, 2010-ல் நிறுத்தப்பட்டது. ஊசியின் தராதரம் வேறு விஷயம். பெற்றோர் இட வேண்டிய கையெழுத்தைப் பல இடங்களில் விடுதிக் காப்பாளரும் தலைமை ஆசிரியரும் இட்டுவிட்டார்கள் என்பது விசாரணையில் வெளியாயிற்று. உபாத்தியாயர் தொழில் செய்யும் நாம் இதைப் படித்தபோது தலை குனிந்தோம். ஜனங்கள் நம்மிடம் வைத்திருக்கும் நம்பிக்கை, அவர்களுக்குப் பதிலாகச் சம்மதம் கொடுப்பதற்கு அன்று.

இன்று சட்டம் காவல் இருக்கிறது. 2019-ஆம் வருஷ விதிகளின்படி, நெறிமுறைக் குழு ஒன்று பரிசோதனையை அங்கீகரிக்க வேண்டும். அதில் வைத்தியரல்லாத சாதாரண மனிதர் ஒருவரும், சட்டம் தெரிந்தவர் ஒருவரும், பெண் ஒருவரும் அவசியம் இருக்க வேண்டும். பரிசோதனையால் கேடு நேர்ந்தால் வைத்தியச் செலவை நோயாளி தலையில் கட்டக் கூடாது. இந்தியாவில் நடப்பவற்றைப் பதிவு செய்யும் பொதுப் பதிவேட்டை எவரும் காசின்றிப் பார்க்கலாம்.

ஆகவே கேளுங்கள்: எதை எதோடு ஒப்பிடுகிறீர்கள்? சேராவிட்டால் என்ன வைத்தியம் கிடைக்கும்? கெடுதல் என்ன வரலாம், வந்தால் யார் பொறுப்பு? பதிவு எண் என்ன? நடுவில் விலகலாமா? கடைசிக் கேள்விக்கு "விலகலாம், வழக்கமான வைத்தியத்துக்குக் குறைவு வராது" என்பதைத் தவிர வேறு விடை வந்தால், எழுந்து வந்துவிடுங்கள்.

அந்த அம்மாள்

மறு வாரம் நாம் சாட்சியாகச் சென்றோம். இளம் டாக்டரம்மாள் ஒருவர் எட்டுப் பக்கத்தையும் தமிழில் நிதானமாய் வாசித்து விளக்கினார். புழக்கத்திலுள்ள இரு களிம்புகளில் எது புண்ணைச் சீக்கிரம் ஆற்றுகிறது என்பதே விஷயம். எல்லாவற்றையும் கேட்டுக் கொண்டிருந்த அம்மாள், "எனக்கு எந்தக் களிம்பு என்று உனக்கே தெரியாதா, கண்ணு?" என்றார். "தெரியாது, அம்மா. தெரிந்தால் நான் ஒருதலையாய்ப் பார்த்துவிடுவேன்" என்றார் டாக்டர்.

"ராத்திரி யோசித்துச் சொல்கிறேன்" என்றார் அம்மாள். டாக்டர் புன்னகையுடன் சரியென்றார். நம் மாணவனுக்கோ ஒரு நாள் கூலி போகுமே என்ற கவலை. ஆயினும் காத்திருந்தான். மூன்றாம் நாள் அம்மாள் ரேகை வைத்தார். அதன் கீழ், படித்துக் காட்டியதைக் கேட்டதற்குச் சாட்சியாக நாம் கையெழுத்திட்டோம்.