கணையாழிக்கு ஏற்ற வண்ணமணி

அசோகவனத்திற் சிறையிருந்த சீதாபிராட்டிக்கு அனுமன் எடுத்துக் காட்டியது ஒரு கணையாழி. துட்டியந்தன் சகுந்தலையின் விரலில் அணிவித்துச் சென்றதும் ஒரு மோதிரமே. முன்னது பிரிந்திருந்தவர் உள்ளத்தில் நம்பிக்கையை ஊட்டிற்று. பின்னது நீரில் வீழ்ந்து மறைந்தமையால், அறிந்த மனைவியை அரசன் அறியாதவனாயினான். பொன் எவ்வளவு, மணி எவ்வளவு என்ற கணக்கினால் இவ்விரு மோதிரங்களும் பெருமை பெற்றனவல்ல. இன்னார் இன்னாருக்கு உரியவர் என்பதற்குச் சான்றாய் நின்றமையே அவற்றின் பெருமை.

இக்காலத்தில் மோதிரம் மற்றொரு கடமையையும் ஏற்றிருக்கின்றது. அது ஒரு வினாவைத் தாங்கிச் செல்கின்றது. “என்னை மணந்துகொள்ளச் சம்மதமா?” என்பதே அவ்வினா. பெரியோர் பேசி, நாள் பார்த்து, பொன்னுருக்கித் தாலி செய்வது நம்மவர் வழக்கம். அவ்வழக்கம் இன்றும் அழியவில்லை. ஆயினும் தாமே ஒருவரையொருவர் தேர்ந்துகொள்ளும் இளைஞர், மேனாட்டார் முறையைத் தழுவி, மோதிரத்தை இரகசியமாக வாங்கி, எதிர்பாராத வேளையில் நீட்டுவதும் இப்போது பரவியிருக்கின்றது. அங்கேதான் ஓர் இடர்ப்பாடு பிறக்கின்றது. வாழ்நாள் முழுவதும் அணியப்போகிறவள், அணியைத் தேரும் இடத்தில் இல்லை. அவள் கண்ணாகவும் கையாகவும் நின்று அவனே தேரவேண்டும். சில மாதச் சேமிப்பும் பெரியதொரு நம்பிக்கையும் அச்சிறு பெட்டிக்குள் அடங்கியிருத்தலின், இதனைச் சற்று ஆராய்வது பயனுடையது.

மணநிச்சய மோதிரம் என்றதும் வைரமே பலருக்கு நினைவுக்கு வருகின்றது. இதனைப் பழைய மரபென எண்ணுவோர் பலர். ஆனால் வைரம் அழியாதது என்ற விளம்பர வாசகம் அமெரிக்காவில் ஒரு வைர வணிக நிறுவனத்துக்காக 1947 ஆம் ஆண்டில் எழுதப்பட்டதாகும். அதற்கு மிக முன்பே வண்ணமணிகள் இவ்விடத்தைப் பெற்றிருந்தன. 1796 ஆம் ஆண்டில் நெப்போலியன் யோசபினுக்கு அளித்த மோதிரத்தில் ஒரு நீலமும் ஒரு வைரமும் அருகருகே அமைந்திருந்தன. 1981 ஆம் ஆண்டில் இளவரசர் சார்ள்ஸுக்கும் டயானாவுக்கும் மணம் நிச்சயமானபோது டயானா அணிந்த மோதிரத்தில், ஏறத்தாழப் பன்னிரண்டு கரட் நிறையுள்ள நீலக்கல்லைச் சுற்றிச் சிறு வைரங்கள் பதிக்கப்பட்டிருந்தன. அந்நீலம் இலங்கை நீலம் எனவே போற்றப்படுகின்றது. 2010 ஆம் ஆண்டில் அவருடைய மகன் வில்லியம், அம்மோதிரத்தையே கென்யா நாட்டுப் பயணத்தின்போது முதுகுப்பையில் மூன்று வாரம் மறைத்துச் சுமந்து சென்று, கதரினுக்கு அளித்தார். தாயின் மோதிரம் மருமகளின் விரலை அடைந்தது. அதன் பொருட்சிறப்பு கல்லின் விலையை விஞ்சி நிற்கின்றது அன்றோ?

இனி, நமது நாட்டுக்கு வருவோம். சபரகமுவ மாகாணத்து இரத்தினபுரி என்னும் பெயரே மணிகளின் நகர் எனப் பொருள்படும். களுகங்கையும் அதன் கிளைகளும் பாயும் பள்ளத்தாக்குகளில், மண்ணுக்கடியிற் பரந்து கிடக்கும் ஒருவகைச் சரளைப் படையைச் சிங்கள மக்கள் ‘இல்லம்’ என்பர். குழி தோண்டி, மரச்சட்டம் இட்டு, ஊறும் நீரை இறைத்து, அச்சரளையை மேலே ஏற்றி, மூங்கிற் கூடையில் இட்டு நீரிற் சுழற்றிக் கழுவுவர். பாரமான கற்கள் கூடையின் அடியிலே தங்கும். அவற்றிடையே நீலம், மஞ்சட் புஷ்பராகம், வைடூரியம், கோமேதகம், ஸ்பினல், சிர்க்கோன் முதலியன கிடைக்கும். இளஞ்சிவப்பும் செம்மஞ்சளும் கலந்து தாமரை இதழை ஒத்த நிறமுடைய ‘பத்பராட்ச’ என்னும் அரிய கல்லுக்கும் இந்நாடு பெயர்பெற்றது.

நீலமும் மாணிக்கமும் உண்மையில் ஒரே இனத்துக் கற்கள் என்பது பலருக்கு வியப்பளிக்கும். இரண்டும் அலுமினிய ஒட்சைட்டுப் பளிங்குகளே. சிறிதளவு குரோமியம் சேர்ந்தாற் சிவந்து மாணிக்கமாகும். இரும்பும் தைத்தேனியமும் சேர்ந்தால் நீலமாகும். இவ்வினத்துக்கு ஆங்கிலேயர் வழங்கும் ‘கொரண்டம்’ என்ற பெயர், ‘குருந்தம்’ என்னும் தமிழ்ச் சொல்லின் வழிவந்தது என்பர் சொல்லாராய்ச்சியாளர்.

மோதிரத்துக்குக் கல்லைத் தேர்வோர் முதலில் நோக்கவேண்டியது அதன் உறுதி. காதணியும் கழுத்தணியும் மோதுதல் அரிது. மோதிரமோ கதவிலும் பாத்திரத்திலும் மேசையிலும் நாளும் மோதுவது. கற்களின் வன்மையை ஒப்பிட 1812 ஆம் ஆண்டில் மோஸ் என்ற செர்மானிய அறிஞர் ஒரு வரிசை வகுத்தார். அவ்வரிசையில் வைரத்துக்கு 10, நீலத்துக்கும் மாணிக்கத்துக்கும் 9, வைடூரியத்துக்கு எட்டரை, ஸ்பினலுக்கு 8. வீட்டுப் புழுதியிற் கலந்திருக்கும் நுண்மணலின் வன்மை 7. ஆகவே ஏழுக்குக் குறைந்த கல் எதுவும், துடைக்கும் துணியிலுள்ள தூசினாலேயே நாளடைவிற் கீறப்பட்டு மங்கும். மீட்டியாகொடையில் அகழப்படும் சந்திரகாந்தக்கல்லின் வன்மை ஏறத்தாழ 6. ஒப்பல் அதனிலும் மெலியதாதல் உண்டு. முத்து மிக மெலியது. இவை அழகிற் குறைந்தனவல்ல. ஆனால் நாள்தோறும் அணியும் மோதிரத்துக்கு உகந்தனவல்ல.

வன்மை வேறு, உடையாத் தன்மை வேறு. மரகதம் வரிசையில் ஏழரைக்கு மேல் நின்றபோதிலும், அதனுள்ளே இயல்பாக அமைந்த வெடிப்புகள் பல. அவற்றை மறைக்க எண்ணெய் ஊட்டுவதும் வணிக வழக்கம். சுடுநீரும் ஓங்கிய அடியும் அதற்கு ஆகா. ஆதலின், சமையலும் தோட்டமும் கைவேலையும் உடைய பெண்ணுக்கு மரகதத்தினும் நீலமோ ஸ்பினலோ நெடுநாள் துணையாகும்.

இரண்டாவது நோக்கவேண்டியது நிறம். வண்ணமணியின் விலையைப் பெரிதும் தீர்மானிப்பது அதுவே. கடையின் விளக்கொளியில் எந்தக் கல்லும் சிரிக்கும். அதனை வாயிலருகே கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் நோக்குக; பின்னர் நிழலிலும், மாலையில் வீட்டு விளக்கின் கீழும் நோக்குக. சில நீலங்கள் பகலிற் பொலிந்து இரவிற் கருமையாகிவிடும். கல்லின் நடுப்பகுதி கண்ணாடிபோல் வெறுமையாகி, கீழுள்ள விரல் தெரியுமாயின் பட்டை தீட்டிய முறை பிழை என்று அறிக. நிறையை இழக்க மனமின்றி அடிப்பகுதியைத் தடிப்பாக விட்டுத் தீட்டுதலும் உண்டு. அந்நிறைக்கும் பணம் செலுத்த நேரும். கண்ணுக்கு அதனாற் பயனில்லை.

ஒரு கரட் என்பது 200 மில்லிகிராம். எனினும் ஒரே நிறையுள்ள எல்லாக் கற்களும் ஒரே பருமனாகத் தோன்றா. நீலம் வைரத்தினும் அடர்த்தி மிக்கது. ஆகவே ஒரு கரட் நீலம் ஒரு கரட் வைரத்தினும் சிறிதாகவே காணப்படும். மரகதம் அடர்த்தி குறைந்ததாதலின் பெரிதாகக் காணப்படும். நிறையை மட்டும் கேட்டு மனக்கணக்குப் போடுவோர் ஏமாறுவது இதனாலேயே.

மூன்றாவது, உண்மை. சிலப்பதிகாரக் கதையின் திருப்பமே ஒரு சிலம்பினுள் இருந்த பரல் மாணிக்கமா முத்தா என்பதில் அமைந்தது. காலத்தே ஆராய்ந்திருப்பின் கோவலன் உயிர் தப்பியிருக்கும். இன்றைய சந்தையிலும் ஆராயவேண்டியன பல. 1902 ஆம் ஆண்டில் வேர்னோய் என்ற பிரெஞ்சு அறிஞர் தீச்சுடரில் மாணிக்கம் ஆக்கும் முறையை வெளியிட்டார். அதன்பின் ஆலையிற் பிறந்த மாணிக்கமும் நீலமும் பெருகின. அவை வேதியியலில் உண்மைக் கற்களையே ஒத்தவை. விலையிலோ மிகவும் தாழ்ந்தவை. ஆக்கப்பட்டது என்று சொல்லி விற்பதிற் குற்றமில்லை; அகழ்ந்தெடுத்தது என்று சொல்லி விற்பதே வஞ்சனை.

சூடேற்றுதல் மற்றொரு செய்தி. இந்நாட்டில் ‘கெவுட’ எனப்படும் பால்நிறக் கற்கள் ஒருகாலத்தில் மதிப்பற்றவையாகக் கருதப்பட்டன. 1970களில் தாய்லாந்து வணிகர் அவற்றை மலிவாக வாங்கிச் சென்று, உயர்ந்த வெப்பத்திற் காய்ச்சி, அழகிய நீலங்களாக மாற்றிப் பெரும்பொருள் ஈட்டினர். இவ்வாறு பெற்ற நிறம் நிலையானது. வாங்குவோர் அதற்கு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் சூடேற்றாத கல்லின் விலை உயர்ந்ததாதலின், எது எது என்பதை எழுத்திற் பெறுதல் வேண்டும். வெடித்த மாணிக்கத்தின் பிளவுகளை ஈயக் கண்ணாடியால் நிரப்பி விற்பதோ வேறு. அத்தகைய கல் எலுமிச்சைச் சாறு பட்டாலே பழுதுபடக்கூடும். சமையலறைக்குட் செல்லும் கைக்கு அது ஏற்றதன்று.

இவற்றை வெறுங்கண்ணால் அறிதல் அரிது. பழகிய வணிகரும் சிலவேளை தவறுவர். ஆகவே விலை உயர்ந்த கல்லை வாங்குமுன் ஆய்வுகூடச் சான்று பெறுதலே அறிவுடைமை. இலங்கையில் 1993 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த தேசிய மாணிக்கக்கல், ஆபரண அதிகாரசபை கற்களைச் சோதித்துச் சான்றளிக்கின்றது. சோதனைக்குச் சம்மதியாத விற்பனையாளரிடம் வாங்காது விடுவதே நன்று.

நான்காவது, கட்டு. இருபத்திரண்டு கரட் பொன் தாலிக்கும் வளையலுக்கும் சிறந்தது, ஆனால் மென்மையானது. கல்லை நான்கு நகங்களாற் பற்றி நிற்கும் மோதிரத்துக்குப் பதினெட்டுக் கரட் பொன்னோ பிளாட்டினமோ உறுதியாகும். நகங்கள் உயர்ந்து நிற்பின் கல் ஒளிரும். ஆனால் சேலைத் தலைப்பிலும் கூந்தலிலும் சிக்கும். கல்லைச் சுற்றிலும் பொன்விளிம்பால் அணைத்துத் தாழ்வாகக் கட்டினால் ஒளி சிறிது குறையும், காவல் மிகும். அணிபவள் மருத்துவத் தாதியா, ஆசிரியையா, தையல் வேலை செய்பவளா என்பதை எண்ணிப் பார்த்தே பொற்கொல்லரிடம் கூறுதல் வேண்டும்.

விரலளவை அறிவது இரகசியக்காரனுக்குப் பெருஞ்சோதனை. அவள் அணியும் மோதிரமொன்றை, அவள் கழற்றி வைத்த வேளையில், தாளின்மேல் வைத்து உள்வட்டத்தை வரைந்துகொள்ளலாம். மெழுகில் அழுத்தியும் எடுக்கலாம். எந்தக் கையின் எந்த விரலில் அணிந்தது என்பதை மறவாமற் குறித்தல் வேண்டும்; இடக்கையும் வலக்கையும் ஒத்த அளவின அல்ல. வெப்பத்தில் விரல் பருக்கும், குளிரிற் சுருங்கும். கொழும்பிற் பொருந்திய மோதிரம் தொரன்றோ நகரின் பனிக்காலத்திற் கழன்று விழலாம். ஐயமிருப்பின் சற்றுப் பெரிதாகச் செய்வதே நன்று. பெரியதைச் சிறிதாக்கல் எளிது. வளையம் முழுவதும் கற்கள் பதித்த மோதிரத்தை எவ்விதத்தும் திருத்துதல் அரிது.

இவையெல்லாம் பொருந்திய பின்னரும் ஒன்று எஞ்சுகின்றது. நம்மவரிடையே மணிகள் கோள்களோடு தொடர்புபடுத்தப்படுகின்றன. நீலம் சனிக்குரியது, மாணிக்கம் ஞாயிற்றுக்கும், மரகதம் புதனுக்கும், புஷ்பராகம் வியாழனுக்கும் உரியன என்பர். நீலம் சிலருக்கு ஆகாது என்ற அச்சம் பல இல்லங்களில் வேரூன்றியிருக்கின்றது. இதற்கு அறிவியற் சான்று இல்லை. ஆயினும், பெருஞ்செலவில் வாங்கிய நீலத்தைக் கண்டு அவள் தாயின் முகம் வாடுமாயின், விரலில் ஏறிய நாள்முதல் அம்மோதிரம் வழக்குப் பொருளாகிவிடும். ஒவ்வொரு காய்ச்சலுக்கும் ஒவ்வோர் இழப்புக்கும் அக்கல்லே காரணமெனப்படும். அவன் நம்பாமலிருக்கலாம், அணியப்போகிறவள் அவனல்லள். அவள் தமக்கையிடமோ நெருங்கிய தோழியிடமோ ஒரு சொல் கேட்டால் இவ்விடர் நீங்கும். அவள் உடுக்கும் சேலைகளின் நிறத்தையும், பொன் விரும்புபவளா வெள்ளி விரும்புபவளா என்பதையும் பல நாள் கவனித்திருந்தாலே பாதித் தேர்வு முடிந்துவிடும்.

இன்னும் ஐயம் தீராதவருக்கு நல்ல வழி ஒன்று உண்டு. கட்டாத கல்லை மட்டும், மாற்றிக்கொள்ளலாம் என்ற உறுதிச்சீட்டோடு வாங்கி, அதனையே சிறு பெட்டியில் வைத்து வினாவைக் கேட்கலாம். விடை சம்மதமாயின் இருவரும் பொற்கொல்லரிடம் சென்று, விரலை அளந்து, கட்டையும் தேர்ந்துகொள்ளலாம். வியப்பும் குறையாது, பிழையும் நேராது. இருவர் கூடிச் செய்யும் முதற் காரியமாகவும் அது அமையும்.

எதிர்பாராது அளிப்பது மோதிரமாக இருக்கலாம். எதிர்பாராத ஒன்றாகத் திருமணம் இருத்தலாகாது. அதைப்பற்றி இருவரும் முன்னரே மனந்திறந்து பேசியிருத்தல் வேண்டும். பலர் பார்க்கும் சபையில் விலையுயர்ந்த மணியை நீட்டி, மறுக்க வழியில்லாமற் செய்வது அன்புக்கு அழகன்று. வினா என்றால் ‘இல்லை’ என்ற விடைக்கும் அதில் இடமிருத்தல் வேண்டும். அவ்விடத்தை விட்டுவைத்துக் கேட்பவன் நீட்டும் கணையாழி, சிறியதொரு ஸ்பினலைத் தாங்கியதாயினும், பெறுபவளுக்கு நிறைவளிக்கும்.