புளோக்கடிப் பூனைகள்

அக்கரைப் பிழைப்பு – 14

கருப்பாநதித் தண்ணீர் சிற்றாற்றோடு சேர்ந்து சீவலப்பேரியில் தாமிரபரணியில் கலக்கிறது. அந்தக் கரையில் பிழைக்க வழியில்லாமல் கடையநல்லூரிலிருந்தும் தென்காசியிலிருந்தும் கப்பலேறியவர்கள் சிங்கப்பூரின் தஞ்சோங் பகாரில் கூடு கட்டினார்கள். ஆண்களுக்குத் துறைமுக வேலை, பெண்களுக்கு மசாலா அரைத்து விற்கும் வேலை. 1941-லேயே கடையநல்லூர் முஸ்லிம் லீக் என்று சங்கம் வைத்து, 1946-ல் உமறுப்புலவர் பெயரில் தமிழ்ப் பள்ளியும் நடத்தினார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அந்த நாட்டுக் குடிமக்கள். இந்த வாரம் நான் சொல்லப்போவது அவர்களைப் பற்றியல்ல. ஒர்க் பெர்மிட்டில் இப்போது போய் இறங்கும் நம் பையன்களையும், அவர்கள் சோறு வைக்கும் பூனைகளையும் பற்றி.

சிங்கப்பூரில் பெரும்பாலானோர் வசிப்பது வீடமைப்புக் கழகத்தின் அடுக்குமாடி வீடுகளில். அவற்றின் கீழ்த்தளமான புளோக்கடி தூண்களோடு திறந்தே கிடக்கும். பூனைகளின் ராஜ்ஜியம் அதுதான். 1989 முதல் அந்த வீடுகளுக்குள் பூனை வளர்க்கத் தடை இருந்தது. ஆசைப்பட்டு வளர்த்துவிட்டு, புகார் வந்ததும் கீழே கொண்டுவந்து விட்டவர்கள் ஏராளம். தெருப்பூனைகளுக்குக் கருத்தடை செய்யும் அரசுத் திட்டம் ஒன்று 1998-ல் வந்தது. ஐந்தே வருடம். 2003-ல் சார்ஸ் காய்ச்சல் பரவியபோது சுத்தத்தின் பெயரால் திட்டத்தை நிறுத்தி, பூனைகளைப் பிடித்துக் கொன்றார்கள். அவற்றால் நோய் பரவியது என்பதற்குச் சான்று இல்லை. பயந்துபோன ஊருக்கு ஏதாவது ஒரு தலை வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

தடையைத் தளர்த்திப் பார்க்கலாம் என்று 2012-ல் சோங் பாங் வட்டாரத்தில் வெள்ளோட்டம் தொடங்கியது. அந்தத் தொகுதியின் உறுப்பினர் அப்போதைய சட்ட அமைச்சர் கா. சண்முகம், தமிழர். அதன்பின் 12 வருடம் கழித்து, 2024 செப்டம்பர் 1-ல் தடை நீங்கியது. இப்போது வீட்டுக்கு இரண்டு பூனை வளர்க்கலாம். உரிமமும் மைக்ரோசிப்பும் கட்டாயம்.

தங்கும்விடுதியில் கட்டிலுக்கு மேல் கட்டில் போட்டுப் படுக்கும் பையனுக்கு இந்தச் சட்டத்தால் ஒரு லாபமும் இல்லை. ஊரில் அம்மா வாசலில் சாளை மீன் தலையைப் போடுவதைப் பார்த்துப் பழகிய கண் அவனுடையது. மிஞ்சிய சோற்றையும் குழம்பு மீனையும் காகிதத்தில் வைத்துத் தூணோரம் வைக்கிறான். இரக்கத்தில் குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால் அந்த ஊரில் பூனைக்குச் சோறு வைப்பது குற்றமில்லை, வைத்ததை அப்படியே விட்டுப்போவதுதான் குப்பை போட்ட குற்றம். எறும்பும் எலியும் வரும், நகர மன்றத்துக்குப் புகார் போகும், கடைசியில் ஆபத்து பூனைக்கு. காலையில் அதைக் கூட்டி அள்ளுகிறவரும் நம்மைப் போலப் பிழைக்க வந்தவராகத்தான் இருப்பார்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. பெட்டைப் பூனை ஐந்து மாதத்திலேயே சினையாகிவிடும். ஒன்பது வாரத்தில் குட்டி போடும். குட்டிகள் பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி சினையாகும். வயிறு நிறைந்தால் ஈற்றும் பெருகும். இரண்டு வருடத்தில் பெர்மிட் முடிந்து பையன் விமானம் ஏறிவிடுவான், அவன் வளர்த்துவிட்ட கூட்டம் தூணடியில் நிற்கும். அதனால்தான் பிடித்து, கருத்தடை செய்து, அதே இடத்தில் விடும் முறையை உலகம் முழுக்கக் கையாளுகிறார்கள். அறுவைக்குப் பின் இடது காது நுனியைக் கொஞ்சம் வெட்டிவிடுவார்கள், அதே பூனையை மறுபடி பிடிக்காமலிருக்க. அப்புறப்படுத்தி வேறெங்காவது விட்டால், காலியான இடத்துக்குப் புதிய பூனைகள் வந்து சேரும்.

கூண்டும் மருத்துவர் நேரமும் தன்னார்வலர்களிடம் உண்டு. பூனை நலச் சங்கம் 1999-லிருந்து அங்கே இயங்குகிறது. அவர்களுக்குக் கிடைக்காத ஒன்று நம் பையனிடம் இருக்கிறது: மனிதரைக் கண்டால் ஓடும் பூனை அவன் காலடிச் சத்தத்துக்கு வெளியே வரும். ஒரு நாள் சாயங்காலம் அவன் சோறு வைக்காமல் இருந்தால் போதும். பசித்த பூனை, மீன் வைத்த கூண்டுக்குள் தானே நுழையும். கதவு விழுந்ததும் மேலே துணி போட்டு மூடினால் அடங்கிவிடும். காசு செலவில்லை, ஒரு ராத்திரித் தூக்கம்தான் செலவு. வைக்காத அந்த ஒரு வேளைச் சோறுதான், என்னைக் கேட்டால், அவன் வைத்ததிலேயே பெரிய சோறு.

சிலர் பூனையை ஊருக்கே கொண்டுவர நினைக்கிறார்கள். தூணடியில் வளர்ந்த பெரிய பூனைக்கு அது வேண்டாத கொடுமை. 1953 முதல் வெறிநோய் இல்லாத ஊரிலிருந்து எடுத்து, நாய்கள் திரியும் நெல்லை மேலப்பாளையம் சந்தில் விடுவதில் என்ன கருணை? வீட்டுக்குள் வளர்ந்த பூனை என்றால் வேறு கதை. இரண்டு வருடம் வெளிநாட்டில் இருந்துவிட்டுக் குடிபெயர்ந்து திரும்புபவர் இரண்டு பிராணிகள் வரை கொண்டுவரலாம். ஆனால் விலங்குத் தனிமைப்படுத்தல் நிலையம் உள்ள விமான நிலையத்தில்தான் இறங்க வேண்டும். நெல்லைக்காரர்களுக்கு வெகுகாலம் சென்னை அல்லது பெங்களூரு என்றிருந்தது. 2024-ல் கொச்சிக்கும் அந்த வசதி வந்தது. நவம்பரில் அங்கே முதலில் வந்திறங்கிய வெளிநாட்டுப் பிராணி தோஹாவிலிருந்து வந்த ஒரு பூனை. கொச்சியிலிருந்து புனலூர், ஆரியங்காவு வழியாகப் புளியரை சோதனைச்சாவடியைத் தாண்டினால் செங்கோட்டை, காரில் அரை நாள் பயணம்.

(தொடரும்)