சாக்ஸில் ஒரு ரத்தக்கறை

ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ் ஒரகடத்தில் இறக்கிவிடும்போதுதான் பலருக்குக் கால் என்று ஒன்று இருப்பதே ஞாபகம் வரும். எட்டு மணி நேரம் லைனில் நின்ற கால். அறைக்கு வந்து, முனையில் இரும்பு வைத்த சேஃப்டி ஷூவைக் கழற்றினால், சாக்ஸில் காசு அகலத்துக்கு ரத்தக்கறை. வலியே தெரியவில்லை. பயப்பட வேண்டியது அதற்குத்தான்: சர்க்கரை நோய் பாத நரம்புகளை மரத்துப்போக வைத்திருக்கலாம்.

கால் ஆணிதானே என்று மருந்துக்கடையில் அதற்கான பிளாஸ்திரி வாங்கி ஒட்டுவார்கள். இல்லையென்றால் யாராவது பிளேடால் சீவிவிடுவார்கள். பிளாஸ்திரியில் இருப்பது சாலிசிலிக் அமிலம். மரத்துப்போன பாதத்தில் அது நல்ல தோலையும் அரித்துப் புண்ணாக்கிவிடும்.

பாதத்துக்கென்றே படித்தவர் போடியாட்ரிஸ்ட். பிரிட்டனில் பதிவு செய்யாமல் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்வதே குற்றம். இங்கே 2021-இல் வந்த இணை மருத்துவத் தொழில்கள் ஆணையச் சட்டத்தின் பட்டியலில் அந்தத் தொழில் இருக்கிறது. பக்கத்துத் தெருவில் ஆள் இருக்கிறாரா என்பது வேறு விஷயம். கத்தியைக் கையில் எடுப்பவரிடம் படிப்பையும் பதிவு எண்ணையும் தாராளமாகக் கேட்கலாம். முறையாகப் பார்ப்பவர் 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு, தெரிகிறதா என்பார். பாதத்தில் நாடி பார்ப்பார். சில நிமிட வேலை.

சரி, புண் முற்றிவிட்டால் யார்மேல் புகார் சொல்வது? விரலை எடுக்க நேர்ந்தது என்பதாலேயே மருத்துவர் கவனக்குறைவாக இருந்தார் என்று ஆகிவிடாது. சீழ் பிடித்த காலோடு வந்தவருக்குச் சர்க்கரைகூடப் பார்க்காமல் கட்டுப்போட்டு அனுப்பினார்களா, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதில் நாள் கடத்தினார்களா என்றுதான் நுகர்வோர் ஆணையம் பார்க்கும்.

‘இ.எஸ்.ஐ. ஓசி வைத்தியம்தானே, யாரைப் போய்க் கேட்பது?’ என்பார்கள். ஓசி எங்கே வந்தது? மாதாமாதம் சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிக்கிறார்கள்; முதலாளி பங்கு 3.25. எல்லோருக்கும் முற்றிலும் இலவசமாகப் பார்க்கும் அரசு மருத்துவமனை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்றது உச்ச நீதிமன்றத்தின் 1995 சாந்தா தீர்ப்பு. ஆனால் 2007-இல் கிஷோர் லால் வழக்கில், சந்தா கட்டும் இ.எஸ்.ஐ. தொழிலாளி நுகர்வோரே என்று அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது. சந்தா பிடிக்கப்படும் கான்ட்ராக்ட் தொழிலாளிக்கும் இதேதான்.

புகாருக்குக் கெடு 2 ஆண்டு. வசிக்கும் ஊரிலோ வேலை பார்க்கும் ஊரிலோ மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கொடுக்கலாம் என்கிறது 2019-ஆம் ஆண்டுச் சட்டம். வேலையை விட்டு ஊர் திரும்பியவருக்கும் வழி இருக்கிறது. சிகிச்சைப் பதிவேடுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு விதி. வாயால் கேட்காதீர்கள், எழுதிக் கேளுங்கள். ஓ.பி. சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள்; புண்ணைத் தேதி தெரிகிற மாதிரி போனில் படம் எடுத்து வையுங்கள்.