அம்மாவின் கால் பங்கு

"தம்பி, பேங்க் வக்கீல் புதுசா ஒண்ணு கேக்கறாரு. உங்க பெரியம்மாவோட வாரிசு சர்டிபிகேட் வேணுமாம். வீடு அவங்க பேர்ல இருந்ததே இல்லியே?"

சேலையூரிலிருந்து அண்ணி போன் செய்தது 2023-இல். வீடு என் பெரியம்மா மகனுடையது, 900 சதுர அடி ஃபிளாட். சொந்தச் சம்பளத்தில், வங்கிக் கடனில், தன் ஒரே பேரில் வாங்கினார். 2008-இல் மாரடைப்பில் போய்விட்டார். உயில் இல்லை. அண்ணி, ஒரு மகன், ஒரு மகள், கூடவே இருந்த பெரியம்மா. பெரியப்பா அதற்கு முன்பே காலமாகியிருந்தார். பெரியம்மா 2016-இல் இறந்தார். பிள்ளைகள் வளர்ந்து வேலைக்குப் போன பிறகு ஃபிளாட்டை விற்கலாம் என்று முடிவானது. வாங்க வந்தவர் கடன் கேட்ட வங்கி, ஆவணங்களை வக்கீலிடம் லீகல் ஒப்பீனியனுக்கு அனுப்பியபோதுதான் இந்தக் கேள்வி வந்தது.

வக்கீல் கேட்டது சரி. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் 8-ஆம் பிரிவின்படி, உயில் எழுதாமல் ஒரு ஆண் இறந்தால் சொத்து முதலில் முதல் வகுப்பு வாரிசுகளுக்குப் போகும். மகன், மகள், மனைவி, தாய் நால்வரும் அதில் சமம். அப்பா அந்த வகுப்பிலேயே இல்லை, இரண்டாம் வகுப்பில்தான் வருகிறார். முதல் வகுப்பில் ஒருவர் இருந்தாலும் அவருக்கு ஒன்றும் கிடையாது. இதைச் சொன்னால் பாதிப் பேர் நம்புவதில்லை.

ஆக, அண்ணன் கண்மூடிய அந்த நிமிடமே ஃபிளாட் நான்காகப் பிரிந்துவிட்டது. அண்ணிக்குக் கால், பிள்ளைகளுக்குக் கால் கால், பெரியம்மாவுக்குக் கால். பத்திரமோ கையெழுத்தோ எதுவும் தேவைப்படவில்லை. தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்றிதழில் பெரியம்மா பெயரும் இருந்தது. ஆனால் அந்தச் சான்றிதழ் யார் யார் வாரிசு என்று மட்டும் சொல்லும், யாருக்கு எவ்வளவு என்று சொல்லாது. அதனால் அந்தப் பெயரை யாரும் பொருட்படுத்தவில்லை. எட்டு வருஷம் 225 சதுர அடிக்குச் சொந்தக்காரராக அந்த வீட்டில் இருந்தவர், டிவி சேனல் மாற்றக்கூடப் பேரனிடம் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

சிக்கல் அதற்கு அடுத்த படியில். பெரியம்மாவும் உயில் எழுதவில்லை. அவருடைய கால் பங்கு திரும்ப அண்ணியிடம் வரும் என்றுதான் எல்லோரும் நினைப்போம். வராது. ஒரு பெண் உயிலின்றி இறந்தால் 15-ஆம் பிரிவு. அதன்படி மகன்கள், மகள்கள், கணவர் முதலில். முன்பே இறந்துபோன மகனின் இடத்தில் அவன் பிள்ளைகள் நிற்பார்கள். மருமகளுக்கு அங்கே இடமில்லை. பெரியம்மாவுக்கு இன்னொரு மகனும் ஒரு மகளும் இருக்கிறார்கள். கால் பங்கு மூன்றாக உடைகிறது: சின்ன அண்ணனுக்குப் பன்னிரண்டில் ஒன்று, அக்காவுக்குப் பன்னிரண்டில் ஒன்று, இறந்த அண்ணனின் இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்துப் பன்னிரண்டில் ஒன்று. அடியில் சொன்னால் கொழுந்தனாருக்கு 75 சதுர அடி, நாத்தனாருக்கு 75. ஒரு அடுப்படி அளவு.

"பதினஞ்சு வருஷம் இ.எம்.ஐ. கட்டினது நான், மெயின்டனன்ஸ் கட்டினது நான். அவங்களுக்கு எப்படித் தம்பி பங்கு?" என்றார் அண்ணி. கடனை அடைத்ததற்குக் கணக்குக் கேட்கலாம், அது வேறு வழக்கு. கடனை யார் அடைத்தார் என்பதை வைத்து உரிமை மாறாது.

இதே அண்ணன் வேறு மதத்தில் பிறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒருநாள் தாளில் போட்டுப் பார்த்தேன். தாம்பரம் பக்கம் ஒரே தெருவில் மூன்று மதத்துக்காரர்களும் இருப்பது சாதாரணம். கிறிஸ்தவராக இருந்தால் 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம்: மனைவிக்கு மூன்றில் ஒன்று, மீதி மூன்றில் இரண்டு பிள்ளைகளுக்குச் சமமாக. பிள்ளைகள் இருக்கும்போது தாய்க்கு எதுவும் இல்லை. முஸ்லிமாக இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று, தாய்க்கு ஆறில் ஒன்று. அப்பா உயிரோடு இருந்தால் அவருக்கும் ஆறில் ஒன்று. மீதியில் மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒன்று. ஒரே மாடியில் எதிரெதிர் வாசல்களில் தாயின் பங்கு 225, 0, 150 சதுர அடி.

இன்னும் தள்ளிப் போய் ஸ்காட்லாந்துச் சட்டத்தையும் படித்தேன். (தேவையா என்று வீட்டில் கேட்டார்கள்.) அங்கே உயில் இல்லாமல் ஒருவர் இறந்தால், துணைவர் குடியிருக்கும் வீட்டுக்கு முதல் உரிமை அந்தத் துணைவருக்கே. 2012-இல் வைத்த வரம்பு 4,73,000 பவுண்டு. அதன் பிறகு தட்டுமுட்டுச் சாமான், கொஞ்சம் ரொக்கம். அதற்கப்புறம்தான் மற்றவர்கள். பிள்ளைகள் இருந்தால் தாய்க்கு ஒன்றும் வராது. அந்தச் சட்டம் முதலில் பார்ப்பது, வீட்டில் குடியிருக்கும் துணையை. நம் 8-ஆம் பிரிவு அதைப் பார்ப்பதே இல்லை. இன்னொரு வித்தியாசம்: அங்கே உயில் எழுதினாலும், அசையும் சொத்தில் ஒரு பகுதியை மனைவியும் பிள்ளைகளும் கேட்டு வாங்கலாம். இங்கே ஒரு இந்து, தான் சம்பாதித்ததை முழுக்க யாருக்கு வேண்டுமானாலும் எழுதி வைக்கலாம். உயில் எழுதாதவன் வீட்டில் தாய்க்குக் கால் பங்கு தரும் அதே சட்டம், எழுதிவிட்டால் தாயை முழுவதுமாக விலக்கிவிட அனுமதிக்கிறது.

அதற்காகத் தாயை முதல் வகுப்பில் வைத்தது தப்பு என்று சொல்ல மாட்டேன். மகன் போன பிறகு மருமகளின் தயவில் நிற்கும் கிழவிகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். என் எரிச்சலெல்லாம் 15-ஆம் பிரிவின் மேல்தான். சொந்தமாக வீடு வாங்கும் பெண்கள் பழைய மகாபலிபுரம் சாலை நெடுக இருக்கிறார்கள், அவர்களுக்கு இது தெரிய வேண்டும். பிள்ளையில்லாத ஒரு விதவை உயிலின்றி இறந்தால், அவள் சம்பாதித்தது அவளைப் பெற்றவர்களுக்குப் போகாது. கணவனின் வாரிசுகளுக்குத்தான் முதலில். பெற்றோரிடமிருந்து வாரிசாக வந்த சொத்து மட்டும்தான் தகப்பன் வழிக்குத் திரும்பும்.

நாராயணி தேவி என்பவருக்கு இது நடந்தது. 1955-இல் கல்யாணம். மூன்றே மாதத்தில் கணவர் பாம்பு கடித்து இறந்தார். புகுந்த வீட்டார் துரத்திவிட்டார்கள். பிறந்த வீட்டில் படிக்க வைத்தார்கள், வேலைக்குப் போனார், சேமித்தார். 1996-இல் உயிலின்றி இறந்தபோது வங்கியிலும் வருங்கால வைப்பு நிதியிலும் பணம் இருந்தது. அவருடைய அம்மா கேட்டார். கணவருடைய அக்கா தங்கை வழிப் பிள்ளைகளும் கேட்டார்கள். 2009-இல் ஓம்பிரகாஷ் எதிர் ராதாசரண் வழக்கில் உச்ச நீதிமன்றம், அனுதாபத்தை வைத்துச் சட்டத்தை மாற்ற முடியாது என்ற நிலையில், கணவர் பக்கத்துக்கே கொடுத்தது.

வழியில் இரண்டு தவறான நம்பிக்கைகளையும் தட்டிவிடுகிறேன். பெண் பிள்ளைக்கு அப்பா சொத்தில் உரிமை வந்தது 1989 தமிழ்நாட்டுத் திருத்தத்திலோ 2005 மத்தியத் திருத்தத்திலோ என்பார்கள். அவை பூர்வீகக் கூட்டுக்குடும்பச் சொத்து பற்றியவை. அப்பா சம்பளத்தில் வாங்கிய மனையில் மகளுக்குச் சமபங்கு 1956-லிருந்தே உண்டு. அடுத்தது நாமினி. வங்கி டெபாசிட்டில் நாமினி என்பவர் பணத்தை வாங்கும் கை மட்டுமே, பங்கு வாரிசுகளுக்குத்தான்.

சேலையூர்க் கதைக்கு வருகிறேன். சின்ன அண்ணன் கேட்டவுடனே விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். அக்கா போடவில்லை. "எங்கம்மாவுக்குப் பங்கு இருந்துச்சுன்னு அவங்க இருக்கும்போது யாராவது சொன்னீங்களா? கடைசி மூணு வருஷம் மருந்துச் செலவு நான்தானே பாத்தேன்" என்றார். அண்ணிக்கு அழுகையே வந்துவிட்டது. இருவர் சொல்வதிலும் நியாயம் இருந்ததால் நான் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் 75 அடிக்கான விலையில் பாதிக்கு அக்கா ஒத்துக்கொண்டார். ஏழு மாதம் ஓடியிருந்தது. முதலில் வாங்க வந்தவர் மாடம்பாக்கத்தில் வேறு வீடு பார்த்துப் போய்விட்டார், வேறொருவருக்குத்தான் விற்றது.

2008-இலேயே பெரியம்மா, உயிரோடு இருந்தபோது, மருமகளுக்கோ பேரப்பிள்ளைகளுக்கோ தன் பங்கை விடுதலைப் பத்திரத்தில் கொடுத்திருக்கலாம். அல்லது உயில் எழுதியிருக்கலாம். உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். எழுதுபவர் கையெழுத்து, அதைப் பார்த்த இரண்டு சாட்சிகளின் கையெழுத்து அவசியம். பதிவு செய்வது கட்டாயமில்லை. செய்தால் பின்னால் தகராறு வந்தால் உதவும். சொத்து வாங்கப்போகிறவரைச் சாட்சியாகப் போடாமல் இருப்பது நல்லது.

விற்ற பணத்தில் அண்ணி பெருங்களத்தூரில் சின்னதாக ஒரு ஃபிளாட் வாங்கியிருக்கிறார், தன் பேரில். கிரகப்பிரவேசத்தன்று பந்தி முடிந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, சாட்சிக் கையெழுத்துக்கு எப்போது வருகிறாய் என்று கேட்டார்.