அறுந்த கம்பியும் அணைந்த விளக்கும்

தொலைபேசி இணைப்பகத்தில் கடைசியாக நினைவுக்கு வருவது எச்சரிக்கை மணி. அந்த மறதிக்கு நியூயார்க் நகரம் கொடுத்த விலை பெரியது.

1991 செப்டம்பர் 17. நியூயார்க்கில் நல்ல வெயில். நகரத்து ஏ.சி. இயந்திரங்களுக்கு மின்சாரம் கொடுத்து மாளாத கான் எடிசன் நிறுவனம், சொந்த ஜெனரேட்டர் வைத்திருந்த பெரிய வாடிக்கையாளர்களின் உதவியைக் கேட்டது. ஏற்கனவே செய்துகொண்ட ஒப்பந்தப்படி தாமஸ் தெருவிலிருந்த ஏ.டி. அண்ட் டி. இணைப்பகமும் காலை 10 மணியளவில் ஜெனரேட்டருக்கு மாறியது.

ஜெனரேட்டர் ஓடியது. ஆனால் மாறுதிசை மின்சாரத்தை நேர்திசையாக்கும் ரெக்டிஃபையர்களில் ஒரு பகுதி நின்றுவிட்டது. அவற்றைக் காப்பதற்கான ரிலேக்கள் தவறான அளவில் அமைக்கப்பட்டிருந்ததுதான் காரணம். சுமை பாட்டரிகளின் தலையில் விழுந்தது. பாட்டரிகள் சுமார் 6 மணி நேரம் தாக்குப்பிடித்தன. அதற்குள் யாராவது ஒருவர் கவனித்திருந்தால் போதும்.

யாரும் கவனிக்கவில்லை. ஒலிக்க வேண்டிய மணியின் கம்பி அறுந்து கிடந்தது. எரிய வேண்டிய விளக்கின் பல்பு பழுதாகியிருந்தது. ஜெனரேட்டருக்கு மாறியதும் மின்சாரக் கருவிகளை நேரில் சுற்றிப் பார்க்க வேண்டும் என்பது விதி. அதுவும் நடக்கவில்லை. பொறுப்பான ஊழியர்கள் அன்று பயிற்சி வகுப்பில் இருந்தார்கள். பாடம், புதிய எச்சரிக்கை மணிக் கருவி!

மாலை 5 மணிக்குச் சற்று முன்பு இணைப்பகம் உயிரை விட்டது. சுமார் 50 லட்சம் அழைப்புகள் தடைபட்டன. விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு மையங்களின் தொடர்புகளும் அதே கட்டடத்தின் வழியாகவே போய்க்கொண்டிருந்தன. கென்னடி, லா கார்டியா, நியூவர்க் ஆகிய மூன்று விமான நிலையங்களும் ஸ்தம்பித்தன.

இந்தியாவில் உள்ள இணைப்பகங்களும் செல்போன் கோபுரங்களும் பெரும்பாலும் இதே ஏற்பாட்டை நம்பித்தான் இயங்குகின்றன. 2 வோல்ட் செல்கள் 24ஐ வரிசையாகக் கோத்தால் 48 வோல்ட். மின்சாரம் இருக்கும்போது ரெக்டிஃபையர் அதை ஏறத்தாழ 54 வோல்ட்டில் வைத்திருக்கும். போனதும் 50க்கு அருகே இறங்கும். 43, 44ஐ நெருங்கினால் கதை முடிந்தது. இந்த இறக்கத்தின் தொடக்கத்திலேயே மணி அடித்தாக வேண்டும்.

பாட்டரியிலிருந்து வரும் மின்சாரத்தைக் கருவிகளுக்குப் பிரித்துக் கொடுப்பது ஃப்யூஸ் பலகை. அதில் உள்ள ஃப்யூஸ்களில் ஒருவகை, தானே செய்தி சொல்லும். உள்ளே இருக்கும் கம்பி உருகியதும் அதில் கட்டுண்டிருந்த ஸ்பிரிங் விடுபட்டு ஓர் உலோகப் பட்டையைத் தொடும். உடனே ரிலே இயங்கி, கோளாறுச் செய்தியைக் கண்காணிப்பு மையத்துக்கு அனுப்பும்.

அந்தச் செய்திக்கான வயரை இரண்டு விதமாக இணைக்கலாம். கோளாறு வந்தால் சுற்று மூடிக்கொள்ளும்படி அமைப்பது ஒன்று. இதில் வயரை எலி கடித்தாலும் திருகு தளர்ந்தாலும் மணி மௌனமாக இருக்கும். எல்லாம் நலம் என்றே பார்ப்பவருக்குத் தோன்றும். எப்போதும் மின்சாரம் ஓடும் சுற்று, கோளாறு வந்தால் துண்டிக்கப்படும்படி அமைப்பது மற்றொன்று. இதில் வயர் அறுந்தால் அதுவே எச்சரிக்கை. அனுபவசாலிகள் இரண்டாவதையே விரும்புவதற்குக் காரணம் இதுதான்.

இதற்கும் ஒரு பலவீனம் உண்டு. தளர்ந்த திருகினால் நள்ளிரவில் வீணாக மணி அடித்தால், எரிச்சலடைந்த ஒருவர் ஒரு துண்டு வயரால் இரு முனைகளையும் இணைத்து அதை அடக்கிவிடலாம். திருகை முறுக்குவதைவிட அது சுலபம். அதன்பின் எத்தனை ஃப்யூஸ் போனாலும் மையத்தின் திரையில் பச்சை விளக்குதான்.

ஆள் இல்லாத கோபுரங்கள் பெருகிவிட்ட காலம் இது. பாட்டரி வடிவதைப் பார்க்க அங்கே கண்கள் கிடையாது. மருத்துவமனைக்கோ தீயணைப்பு நிலையத்துக்கோ ஒருவர் போன் செய்யும் நேரத்தில் அந்த மெல்லிய வயரின் அருமை புரிந்து பயனில்லை. செலவில்லாத சோதனை ஒன்று இருக்கிறது. முன்னறிவிப்பின்றி எச்சரிக்கை வயரின் ஒரு முனையைக் கழற்றிவிட்டு, மையத்திலிருந்து எத்தனை நிமிடத்தில் விசாரணை வருகிறது என்று கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். விசாரணையே வராவிட்டால், அந்த மணி ஏற்கனவே இறந்துவிட்டது என்று பொருள்.